ஐப்பசி மழையும் குளியலறைக் கண்ணாடியும்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடி வீடுகளின் குளியலறைகளுக்குள் ஒரு புதிய பொருள் மெல்ல நுழைந்துகொண்டிருக்கிறது. ஓரத்தைச் சுற்றி எல்இடி விளக்கு ஓடும் கண்ணாடி. அதன் கீழ்ப்பகுதியில் விரலால் தொட்டாலே வேலை செய்யும் பொத்தான்கள். ஒன்று விளக்குக்கு, இன்னொன்று கண்ணாடியைச் சூடாக்க. வெந்நீரில் குளித்து முடித்ததும் ஆவி படிந்து முகம் தெரியாமல் போகும் தொல்லை இனி இருக்காது என்று கடையில் சொல்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியைவிடச் சில ஆயிரம் ரூபாய் கூடுதல். இது நமக்குத் தேவைதானா?

பதில் சொல்ல இரண்டு விவரங்கள் போதும். நம் ஊர்க் காற்றில் எவ்வளவு நீராவி இருக்கிறது? நம் வீட்டுக் கண்ணாடி எவ்வளவு சூடாக இருக்கிறது? வெந்நீரின் பங்கு அதற்கு அப்புறம்தான்.

காற்று தாங்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பம் ஏற ஏற அந்த எல்லையும் ஏறும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 9.4 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 25 டிகிரியில் 23 கிராம், 32 டிகிரியில் ஏறக்குறைய 34 கிராம். 23 கிராம் நீராவி உள்ள காற்றை மெல்லக் குளிர்வித்துக்கொண்டே போனால், 25 டிகிரியைத் தொடும்போது அதற்குமேல் தாங்காமல் நீர் பிரியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். ஒரு பொருளின் மேற்பரப்பு, சுற்றியுள்ள காற்றின் பனிநிலையைவிடக் குளிர்ந்திருந்தால் அதன்மேல் நீர் படியும். சூடாக இருந்தால் படியாது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வேர்ப்பதும் குளியலறைக் கண்ணாடி மங்குவதும் ஒரே விதிப்படிதான்.

இனி இந்த விதியை நம் ஊருக்குள் கொண்டுவருவோம். 5 அடிக்கு 7 அடி குளியலறை, 9 அடி உயரம். உள்ளே சுமார் 9 கன மீட்டர் காற்று இருக்கும். மே மாதத்தில் கடற்காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டி இருக்கும் என்று கொள்வோம்; ஒவ்வொரு கன மீட்டரிலும் 23 கிராம் நீராவி. வெயில் ஏறிய சுவரில் மாட்டிய கண்ணாடி 32 டிகிரி இருக்கும். அதில் நீர் படிய வேண்டுமானால் காற்றில் 34 கிராம் வேண்டும். இடைவெளி 11 கிராம். அறை முழுவதற்கும் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 100 கிராம் தண்ணீர் ஆவியாகிச் சேர வேண்டும். மே மாதத்தில் யாரும் கீசரைப் போடப்போவதில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சூடாகவே இருந்தாலும், வாளியில் பிடித்து மொண்டு ஊற்றிக் குளிக்கும்போது அவ்வளவு ஆவி எழாது. கோடையில் கண்ணாடி தெளிவாகவே இருக்கும்.

ஜனவரி விடியற்காலையில் வெளிக்காற்றின் பனிநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. நீராவி 17 கிராம். வீட்டுக்குள் கண்ணாடி 25 டிகிரி. இடைவெளி 6 கிராம், அறைக்கு 50 கிராமுக்குச் சற்றே மேல். மார்கழிக் குளிருக்கு வெந்நீர் போடுவார்கள். ஷவரில் குளித்தால் கண்ணாடி மங்கத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் உண்மையான தொல்லைக் காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை வங்கக் கடலிலிருந்து நேராகத் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் இறங்கும் நாட்கள். பழவேற்காட்டு ஏரி ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம், நடுவே விடாமல் பெய்யும் மழை. அந்த நாட்களில் காற்றின் பனிநிலை 23, 24 டிகிரி வரை நிற்கும். காற்றின் வெப்பமும் அதையொட்டியே இருக்கும். வெயிலில்லாமல் சுவரும் கண்ணாடியும் 25 டிகிரிக்கு இறங்கியிருக்கும். காற்றில் 21 கிராம், கண்ணாடியின் எல்லை 23 கிராம். இடைவெளி வெறும் 2 கிராம். 18 கிராம் தண்ணீர் ஆவியானால் போதும், அறை முழுவதும் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதலான தண்ணீர். பனிக்காலத்தைக் குற்றம் சொல்கிறோம். ஆனால் மழைக்காலத்தின் இந்தக் குறுகிய இடைவெளிதான் கண்ணாடியை நாள் முழுக்க ஈரமாக வைத்திருக்கிறது. துணியால் துடைத்தாலும் மறு நிமிடமே மங்கும். சன்னலைத் திறந்தால் இன்னும் ஈரக்காற்றுதான் வரும்.

சூடாக்கும் கண்ணாடி பிறந்து வளர்ந்தது வேறு மாதிரியான ஊர்களில். ஜப்பானில் வீட்டு முகம் கழுவும் மேடைக் கண்ணாடிக்குப் பின்னால் சூடாக்கி வைப்பது வெகு சாதாரணம். டோக்கியோவின் ஜனவரியில் வெப்பமூட்டாத அறையின் கண்ணாடி 10 டிகிரிக்குக் கூட இறங்கிவிடும். அந்தக் கண்ணாடியின் எல்லை 9.4 கிராம்தான். 41, 42 டிகிரி வெந்நீர்த் தொட்டியிலிருந்து வரும் காற்றில் அதைப்போல இரண்டு மடங்கு நீராவி இருக்கும். படியும் நீர் கண்ணாடியில் கோடு கோடாக வழியும். அங்கே அந்தச் சூடு பல மாதங்களுக்கு அன்றாடத் தேவை. நமக்கோ ஆண்டில் சில வாரங்கள்.

நம் பழைய வீடுகள் இந்தத் தொல்லையை எப்படித் தவிர்த்தன என்பதும் கவனிக்கத்தக்கது. பொன்னேரி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் முகக்கண்ணாடி குளியலறைக்குள் இருந்ததே இல்லை. முற்றத்துத் தூணிலோ, கூடத்து ஆணியிலோ, பின்னால் வந்த வீடுகளில் சாப்பாட்டு அறையின் வாஷ்பேசினுக்கு மேலேயோ தொங்கும். குளியலறையின் உச்சியில் மூடவே முடியாத வென்டிலேட்டர். சவரம் வெளிச்சத்தில், திறந்த இடத்தில். படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை வந்து, வெந்நீர், ஷவர், முகக்கண்ணாடி மூன்றையும் ஒரே சின்ன அறைக்குள் அடைத்த பிறகுதான் கண்ணாடி மங்கத் தொடங்கியது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, கண்ணாடி அந்த அறைக்குள் இருந்தே ஆக வேண்டுமா என்பது. அடுக்குமாடி வீட்டில் இருந்துதான் ஆக வேண்டும் என்றால், அடுத்த கேள்வி எக்ஸாஸ்ட் ஃபேன்.

அதற்கும் கணக்கு உண்டு. பத்து நிமிட வெந்நீர் ஷவரில் சுமார் 200 கிராம் தண்ணீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 20 கிராம். 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்குச் சுமார் 200 கன மீட்டர், அதாவது நிமிடத்துக்கு மூன்றேகால் கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது அறைக் காற்றில் கூடும் நீராவி, 20-ஐ மூன்றேகாலால் வகுத்தால் வருவது, கன மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிராம். மேலே சொன்ன இடைவெளிகளோடு இதைப் பொருத்திப் பாருங்கள். மே மாதத்தின் 11 கிராமுக்கு இது தாராளமாகக் கீழே. ஜனவரியின் 6 கிராமுக்குச் சரிக்குச் சரி. ஓரளவு மங்கி உடனே தெளியும். ஐப்பசியின் 2 கிராமுக்கு இது தாங்காது. ஓடுகளிலும் சுவரிலும் கொஞ்சம் நீர் படிந்து காற்றிலிருந்து விலகும் என்பதால் நடைமுறை இந்தக் கணக்கைவிடச் சற்றுச் சாதகமாகவே இருக்கும். ஆனாலும் சித்திரம் மாறாது: ஆண்டின் பெரும்பகுதிக்கு ஃபேன் போதும், அடைமழை வாரங்களுக்குப் போதாது.

ஃபேன் வேலை செய்ய ஒரு நிபந்தனை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவின் அடியில் ஒரு விரற்கடை சந்துகூட இல்லாமல் இழுத்து மூடிய குளியலறையில் ஃபேன் சத்தம்தான் போடும், காற்று நகராது. புதுக் கதவு போடும் தச்சரிடம் அடியில் கொஞ்சம் இடம் விடச் சொல்வது, எந்தக் கண்ணாடியையும்விட மலிவான தீர்வு.

ஏசி வந்த வீடுகளில் இன்னொரு விசித்திரம் நடக்கிறது. படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர். இரவு முழுவதும் அந்தப் பக்கம் ஏசி 22, 23 டிகிரியில் ஓடுகிறது. இந்தப் பக்கம் அதே சுவரில் முகக்கண்ணாடி. விடியும்போது கண்ணாடி 25 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், ஆகஸ்ட், செப்டம்பர் மாதக் கடற்காற்று வென்டிலேட்டர் வழியே வந்து பட்டதுமே மங்கும். ஒரு சொட்டு வெந்நீர்கூடத் தேவையில்லை. இப்படிப்பட்ட வீட்டில் கண்ணாடியை எதிர்ச்சுவருக்கு, வெளிப்பக்கச் சுவருக்கு, மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். அது முடியாவிட்டால் கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு மாட்டலாம். நடுவில் நிற்கும் காற்று, சுவரின் குளிர் கண்ணாடிக்குத் தாவுவதைத் தடுக்கும்.

இனி சூடாக்கும் கண்ணாடியின் உள்ளே பார்ப்போம். பின்புறத்தில் ஒட்டியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதற்குள் மின்தடைக் கம்பித்தடம் வளைந்து வளைந்து ஓடுகிறது. கார்களின் பின்கண்ணாடியில் குறுக்கே தெரியும் பழுப்புக் கோடுகளும், ஐஸ்கிரீம் ஃபிரீசர்களின் கண்ணாடிக் கதவை வேர்க்கவிடாமல் காக்கும் சூடும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட் அளவுக்குச் சூடு தரும் தாள் என்று கொண்டால், 40-க்கு 60 சென்டிமீட்டர் தாளுக்குச் சுமார் 50 வாட்.

முகக்கண்ணாடிக்கு அடிப்படை, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் சமன் செய்த ஃபுளோட் கண்ணாடி. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் உலகுக்கு அறிவித்த முறை இது. திருவள்ளூருக்குத் தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000-இல் இருந்து இப்படித்தான் கண்ணாடி வார்க்கிறது. 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 12.5 கிலோ எடை. அதை ஒரு டிகிரி சூடேற்ற 10,500 ஜூல் வேண்டும். 200 வாட் கொடுத்தால் 50 விநாடிக்கு மேல் ஆகும். சூடேறச் சூடேற முன்பக்கமும் பின்பக்கமும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும் என்பதால், 25 டிகிரிக் கண்ணாடியை 33 டிகிரிக்குக் கொண்டுபோகப் பத்து நிமிடமாவது ஆகும். 33 டிகிரியில் கண்ணாடியின் எல்லை 35 கிராமைத் தாண்டிவிடுகிறது; ஃபேன் ஓடினால் ஐப்பசி மழையிலும் ஷவர் ஆவி அதை எட்டாது. ஆக, கருவி சொன்ன வேலையைச் செய்யும். குளித்து முடித்துவிட்டு, மங்கிய கண்ணாடியைப் பார்த்துப் பொத்தானைத் தொட்டால் செய்யாது. படிந்த நீரை ஆவியாக்கவும் தனியாக வெப்பம் செலவாகும் என்பதால் இன்னும் தாமதமாகும். வாங்கிய சிலர் "வேலையே செய்யலை" என்று குறைபடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம் என்று நினைக்கிறேன்.

மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தினம் அரை மணி நேரம் 50 வாட் ஓடினால் ஆண்டுக்கு 9 யூனிட். ஒரு வாளி, 20 லிட்டர், தண்ணீரை 15 டிகிரி சூடேற்றக் கீசர் எடுக்கும் மின்சாரம் மூன்றில் ஒரு யூனிட்டுக்கு மேல். ஒரு நாள் குளியல் வெந்நீருக்கான மின்சாரத்தில் இந்தக் கண்ணாடியை இரண்டு வாரம் ஓட்டலாம். மறந்து 24 மணி நேரமும் ஓடவிட்டால்தான் ஆண்டுக்கு 400 யூனிட்டைத் தாண்டும்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1960-களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்துவிட்டது. பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு, அல்லது கடினம். தெறித்த துளி காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைக் கறை. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினாலே தானாக ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையோரக் காலைகளில் ஈரப்பதம் அதைத் தாண்டுவது வழக்கம். அதாவது உப்புக் கறை படிந்த கண்ணாடி பனிநிலைக்கு முன்பே மங்குகிறது. சூடாக்கும் தாள் இந்தக் கறையை நீக்காது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்ட துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்த வேண்டும். ஓரங்களில் சாறு இறங்கவிடக்கூடாது. கண்ணாடிக்குப் பின்னுள்ள வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. ஓரம் வழியே ஈரமும் அமிலமும் ஏறினால் கருத்துப்போகும். கடலோர வீடுகளில் முகக்கண்ணாடிகளின் விளிம்பு கருப்பது இதனால்தான். சாதாரணக் கண்ணாடி கருத்தால் மாற்றிவிடலாம். விளக்கு, தாள், மின்சுற்று எல்லாம் சேர்ந்த கண்ணாடி கருத்தால் மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியிருக்கும்.

மலிவான மாற்று ஒன்று இருக்கிறது. ஆவி படிவதைவிட, அது சின்னச் சின்ன மணிகளாகப் படிவதுதான் பார்வையை மறைக்கிறது. ஒவ்வொரு மணியும் ஒளியைச் சிதறடிக்கிறது. அதே நீர் தட்டையான படலமாகப் பரவினால் ஒளி நேராகப் போய்த் திரும்பும். சோப்பு இதைச் செய்யும்: ஒரு சொட்டுத் திரவ சோப்பைக் காய்ந்த துணியில் தொட்டுக் கண்ணாடியில் பரப்பி, பளபளப்பு வரும்வரை துடைத்தால் சில நாள் மங்காது. 1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ விண்கலத்துக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதந்த யூஜின் செர்னனின் தலைக்கவசக் கண்ணாடி வியர்வை ஆவியால் மூடிப்போய், மூக்கால் தேய்த்து வழி பார்க்க வேண்டியிருந்தது. அதன்பின் நாசா கையாண்டதும் இப்படிப்பட்ட பூச்சுதான். அகிரா ஃபுஜிஷிமா உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் எழுதிய டைட்டானியம் டைஆக்சைடு பூச்சு இதையே நிரந்தரமாகச் செய்கிறது. ஆனால் அதற்குப் புற ஊதாக் கதிர் பட வேண்டும். சன்னலில்லாத குளியலறையில் அது கிடைக்காது. சோப்புக்கு வெளிச்சம் தேவையில்லை.

ஆவி மறைக்கும் கண்ணாடி உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் குளியலறை அல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ரோலிங் மில்களிலும் கிரைண்டிங் நடக்கும் பட்டறைகளிலும் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்கிறார்கள். ஏசி ஓடும் அறையில் 23 டிகிரியில் கிடந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு 26 டிகிரிப் பனிநிலையுள்ள வெளிக்காற்றுக்குள் வந்தால் அது அந்த நொடியே மங்கும். அங்கிருந்து பட்டறைக்குள் போனதும் முகத்தின் வியர்வை மூடிய கண்ணாடிக்குள்ளேயே ஆவியாகும். பார்க்க முடியாதவர் செய்வது ஒன்றுதான்: கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வார். தீப்பொறியும் இரும்புத் துகளும் பறக்கும் நேரம் அது. ஒழுக்கமின்மை என்று அவரைக் கண்டிப்பதில் பயனில்லை, காரணம் பனிநிலை. ஐரோப்பிய தரவிதிப்படி, மங்காமை சோதித்துத் தேறிய கண்ணாடியில் ஆங்கில 'என்' எழுத்துக் குறி இருக்கும். கொள்முதல் செய்கிறவர்கள் அந்தக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும், கண்ணாடிகளை ஏசி அறைக்கு வெளியே வைக்க வேண்டும். ஆவி படியாத கண்ணாடிக்கு இந்த வட்டாரத்தில் முதல் உரிமை அந்தக் கண்களுக்குத்தான்.

வீட்டுக்கு வருவோம். சன்னல் உண்டு, வாளிக் குளியல், கண்ணாடி வெளிச்சுவரில் என்றால் சூடாக்கும் கண்ணாடி வேண்டாம், பணம் வீண். சன்னலே இல்லாத ஒட்டிய குளியலறை, தினமும் வெந்நீர் ஷவர், காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் பிடிக்க அடுத்தடுத்து இரண்டு பேர் குளிக்க வேண்டும் என்றால் வாங்கலாம். பார்வை குறைந்த பெரியவர் அங்கேயே சவரம் செய்கிறார் என்றாலும் வாங்கலாம். அப்போதும் விளக்கோடு சேர்ந்த விலையுயர்ந்த கண்ணாடியைவிட, இருக்கும் கண்ணாடியின் பின்னால் ஒட்டும் தாளைத் தனியாக வாங்குவது நல்லது. கண்ணாடி கருத்தால் விளக்கையும் மின்சுற்றையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியிருக்காது. தாள் முகம் தெரியும் அளவுக்கு இருந்தால் போதும். எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயங்களைக் கறாராகச் சொல்லுங்கள்: அந்த இணைப்பு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) வழியாக வர வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், குளியலறை விளக்கின் சுவிட்சோடு சேர்க்காமல் தனிச் சுவிட்ச் வேண்டும். அந்தச் சுவிட்ச் குளியலறைக்கு வெளியே, கீசர் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கீசரைப் போடும்போதே அதையும் போட்டால், தண்ணீர் சூடாவதற்குள் கண்ணாடியும் தன் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளும்.